மல்லிகா கிழித்த இரண்டு கோடுகள்

போன ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். முதல் பந்தியிலேயே இடம் கிடைத்துவிட்டது. மல்லிகா கூட வந்தால் இதெல்லாம் நடக்கும். நான் தனியாகப் போனால் மூன்றாவது பந்தியில், அப்பளம் தீர்ந்த பிறகுதான் கூப்பிடுவார்கள்.

மல்லிகா என் மனைவி. வாராவாரம் வரும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அவளை நன்றாகவே தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வரி – எங்கள் வீட்டில் எழுதுவது நான், அடித்துத் திருத்துவது அவள்.

எதிர் இலையில் செந்தில் உட்கார்ந்திருந்தான். மல்லிகாவுக்குத் தூரத்துச் சொந்தம், தம்பி முறை. செல்போன் கடை வைத்திருக்கிறான். சாம்பார் ஊற்றி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"ஏனுங்க்கா, கேள்விப்பட்டனே... காயினை லட்சத்து முப்பதுலயே வித்துப்போட்டீங்களாமா?"

"ஆமாங்க தம்பி."

"அட ஏனுங்க்கா நீங்க! இன்னைக்கு ரேட் தெரியுமுங்களா? வித்துப்போடாம வெச்சிருந்தா ஒன்னு எழுபத்தஞ்சு! சொளையா நாப்பத்தஞ்சாயிரம் போச்சேக்கா!"

இரண்டு வரிசையும் உச்சுக் கொட்டியது. அவன் சொன்னது போனில் வாங்கி விற்கிற கிரிப்டோ காயின். காயின் என்றால் கோயில் உண்டியலில் போடுவது என்று நினைக்கிற பெரியவர்கள்கூட உச்சுக் கொட்டினார்கள். என் பக்கத்து இலைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... எழவு வீட்டில்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

மல்லிகா நிதானமாகச் சோற்றில் குழி பறித்தாள்.

"ஒன்னு முப்பது வரைக்குந்தான் அது என்ற ரேட்டுங்க தம்பி. அதுக்கு மேல போறது ஊரு ரேட்டு. அதப் பாத்து நான் எதுக்கு வருத்தப்படோணும்? ...ரசம் இங்க வரலீங்க, கொஞ்சம் கூப்புடுங்க."

எனக்குச் சாம்பார் சோறு புரையேறிவிட்டது. பெருமையில் புரையேறும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆகவே இந்த வாரம் முழுக்கப் பெருமைதான். பொண்டாட்டி புராணம் பிடிக்காதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இரண்டாவது பெருமை ஒன்றும் இருக்கிறது, அது என்னைப் பற்றியது. ரொம்பச் சின்னது. கடைசியில்தான் வரும்.

முதலில் நாங்கள் இருவரும் எங்கிருந்து வந்தவர்கள் என்று சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் இந்தக் கதை விளங்கும்.

மல்லிகா நாமக்கல்லில் ஒரு முட்டை மொத்த வியாபாரியின் ஆபீஸில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். காலையில் போய் உட்கார்ந்தால் போன் அடிக்க ஆரம்பிக்கும். இன்றைக்கு முட்டை என்ன விலை? ஏறுமா? இறங்குமா? அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி இறங்கியதே இல்லை. விலைதான் ஏறி இறங்கியது. "முட்டையை வெச்சிக்கிட்டு அடுத்த மாசம் ரேட் ஏறும்னு உக்கார முடியுங்களா? ஏறுறதுக்கு முன்னாடி நாறிப்போயிரும்" என்பாள். விற்க வேண்டிய அன்றைக்கு விற்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரு பாடத்தை இருபத்திரண்டு வருடம் தினமும் படித்தவள் அவள்.

நான்? எழுத வருவதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் போர்வெல் ரிக்கில் மேனேஜர். நிலத்தில் துளை போட்டுத் தண்ணீர் தேடுகிற அந்த லாரியோடு தெற்கு வடக்கு என்று பாதி இந்தியாவைச் சுற்றியவன்.

எங்கள் ரிக்கில் ஒரு பழக்கம் இருந்தது. துளை போட ஆரம்பிக்கும் முன் எலுமிச்சம்பழம் வெட்டி, கற்பூரம் காட்டியதும், தோட்டத்துக்காரரிடம் கேட்போம் – எத்தனை அடி? தண்ணீர் வராவிட்டாலும் எந்த அடியில் நிறுத்த வேண்டும்? அவர் தன் சக்திக்குத் தக்கபடி ஓர் எண் சொல்வார். வீட்டம்மாவும் பக்கத்தில் நிற்க வேண்டும், அவர் காதிலும் அது விழ வேண்டும். அந்த எண்ணை நான் சாக்பீஸில் கம்ப்ரஸர் லாரியின் தகட்டில் எழுதுவேன். இதற்கு எங்கள் தொழிலில் 'சொன்ன அடி' என்று பெயர்.

நல்ல பழக்கம்தானே? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் எங்களுக்குக் கூலி அடிக்கணக்கில். ஆழம் போகப் போக அடிக்கு ரேட்டும் ஏறும். சொன்ன அடி வந்ததும் ரிக் நின்றுவிட்டால் முதலாளிக்கு என்ன லாபம்? அதனால் மேனேஜர்கள் எல்லோருக்கும் ஒரு வசனம் மனப்பாடமாக இருக்கும். துளையிலிருந்து வருகிற கல்மாவை, அதாவது பாறைத் தூளைக் கையில் எடுத்து, விரலால் தேய்த்து, முகத்தைக் கொஞ்சம் யோசனையாக வைத்துக்கொண்டு – "ஈரம் தட்டுதுங்களே... இன்னும் ஒரு ராடு போட்டுப் பாத்தரலாமுங்களா?"

ராடு என்பது துளைக்குள் இறங்குகிற இரும்புக் குழாய். ஒரு ராடு இருபது அடி. இருபது அடிதானே? இத்தனை செலவு செய்தாகிவிட்டது, இன்னும் ஒன்று போட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்று சொன்ன தோட்டத்துக்காரர்களை என் இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

பனமரத்துப்பட்டியில் ஒருவர். சொன்ன அடி அறுநூறு. அறுநூறில் வெறும் புழுதிதான் பறந்தது. அவர் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார். "சொன்ன அடி வந்துருச்சுங்க சாமி. நிறுத்திப்போடுங்க" என்றார். கணவரோ என் முகத்தைப் பார்த்தார். நான் கல்மாவைத் தேய்த்தேன். வசனத்தைச் சொன்னேன். தகட்டில் இருந்த அறுநூறைக் கட்டை விரலால் அழித்து அறுநூற்று இருபது என்று எழுதினேன். அப்படி அழித்து அழித்து எண்ணூற்று எண்பது வரை போனேன். பதினான்கு ராடு. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அடுத்த வாரம் அவர்கள் இரண்டு கறவை மாடுகளை விற்றதாகக் கேள்விப்பட்டேன். அந்த அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. வெட்கமாக இருக்கிறது. இதை மல்லிகாவிடம் ஒரு முறை சொல்லியிருந்தேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிற்பாடு நினைத்ததும் உண்டு.

சரி, காயினுக்கு வருகிறேன்.

முட்டை ஆபீஸை முதலாளி மூடினார். மல்லிகாவுக்கு ஒரு ஆசை. "இனி எவருக்கும் ரேட் சொல்ற வேலைக்கு நான் போகலீங்க. நானே வாங்கி நானே விப்பேன்." அதற்கு ஒரு வண்டி வேண்டும் – நம் ஊரில் குட்டி யானை என்கிறோமே, அந்தச் சின்ன லோடு வண்டி. நாற்பத்தெட்டு வயதில் நான்கு சக்கரம் ஓட்டிப் பழகி லைசென்ஸ் வாங்கியவள் அவள். நான் இன்றைக்கும் ஸ்கூட்டரில் பின்னால் உட்காருகிற ஆள்.

பழைய வண்டி ஒன்றுக்கு முன்பணம் ஒரு லட்சத்து இருபதாயிரம் தேவைப்பட்டது. அவள் கையில் இருந்தது ஒரு லட்சம். இருபதாயிரம் குறைந்தது.

"கிரிப்டோ பண்ணிப் பாக்கலாம்னு இருக்கேன்" என்று ஒருநாள் இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள். என் கையிலிருந்த இட்லி சட்னியில் விழுந்தது.

"ஏம்மா... உனக்கென்ன பைத்தியமா?"

"இருபத்தி ரெண்டு வருசம் அடுத்தவங்க ரேட்டையே பாத்தேனுங்க. என்ற காசப் போட்டு ஒரு ரேட்டப் பாக்கோணும்னு ஆசை இருக்காதா?"

ஆசை என்று சொன்னாலும் அவள் அவசரப்படவில்லை. மூன்று மாதம் வெறுமனே விலையை மட்டும் பார்த்தாள். செந்தில் கடைக்குப் போய்ச் சந்தேகம் கேட்டாள். நாய்ப் பெயர், தவளைப் பெயர் வைத்த காயின்களை எல்லாம் ஒதுக்கித் தள்ளினாள். பெரிய காயின் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கையிலிருந்த ஒரு லட்சத்தையும் அதில் போடுவது என்று முடிவு செய்தாள். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் பாதிப் பேர் போய் வாங்கிவிடுவீர்கள், பாவம் எனக்கு வரும்.

வாங்குவதற்கு முதல் நாள் என் பழைய ரிக் பையைக் குடைந்து ஒரு சாக்பீஸை எடுத்தாள். சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் இரண்டு கோடுகள் கிழித்தாள். மேல் கோட்டில் 1,30,000. கீழ்க் கோட்டில் 90,000.

"இது என்ன கோலம்?" என்றேன்.

"பத்தாயிரம் போச்சுன்னா வண்டி ரெண்டு மாசம் தள்ளிப் போகும். பரவாயில்ல, தாங்கிக்கலாம். அதுக்கு மேல போச்சுன்னா வண்டியே போயிரும். அதனால தொண்ணூறுல நின்னுரும். மேல முப்பதாயிரம் வந்துச்சுன்னா, அதுல கெவருமெண்டு வரி ஒம்பதாயிரத்துச் சில்லறை போகும். பாக்கி இருபது. நமக்குக் கொறையறதும் இருபது. அதுக்கு மேல நமக்கு என்னத்துக்கு?"

கவனித்தீர்களா? காயின் எவ்வளவு போகும் என்று அவள் யோசிக்கவே இல்லை. தனக்கு எவ்வளவு வேண்டும், எவ்வளவு தாங்கும் – இந்த இரண்டைத்தான் யோசித்தாள். சேனல் சேனலாக விலைக் கணிப்பு சொல்கிறார்களே, அவர்களில் ஒருவராவது இதைக் கேட்டிருக்கிறாரா நம்மிடம்?

கீழ்க் கோட்டுக்கு, காயின் வாங்கி விற்கிற போன் ஆப்பில் 'ஸ்டாப் லாஸ்' என்று பெயர். விலை இந்த எண்ணுக்கு இறங்கினால் என்னைக் கேட்காமலே விற்றுவிடு என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. மேல் கோட்டுக்கும் அப்படியே – இந்த எண் வந்தால் லாபத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடு. இரண்டையும் மல்லிகா பதிவு செய்தாள். அதற்கென்று மகள் விட்டுப்போன பழைய போன் ஒன்றை வைத்துக்கொண்டாள். அது வாசல்படி தாண்டாது. அலமாரிக்குள்ளேயே இருக்கும். "ரோட்டுல போறப்ப அதையே பாத்துக்கிட்டுப் போனா லாரிக்கடியிலதான் போகோணும்" என்றாள்.

இன்னொரு விதியும் சொன்னாள். "கீழ்க் கோடு மேல ஏறலாமுங்க. கீழ எறங்கக் கூடாது."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

வாங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை. பள்ளிபாளையத்தில் ஒரு குட்டி யானை விலைக்கு இருக்கிறது என்று தகவல் வந்தது. காலையிலேயே பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் வீட்டில் தனியாக, இந்தப் பத்தி எழுத உட்கார்ந்திருந்தேன். எழுத வராத நேரத்தில் எழுத்தாளன் என்ன செய்வான்? சமையலறைக்குப் போவான்.

அலமாரியைத் திறந்தேன். போன் மினுக்கியது. ஒரு லட்சம் என்பது தொண்ணூற்றொன்றாக இறங்கியிருந்தது.

இன்னும் ஆயிரம் இறங்கினால் கோடு வந்துவிடும், விற்றுவிடும். பத்தாயிரம் போய்விடும். ஆனால்... இது திரும்பி வரும் என்று எனக்குத் தோன்றியது. எதை வைத்துத் தோன்றியது? ஒன்றையும் வைத்து இல்லை. கல்மாவைத் தேய்த்தால் ஈரம் தட்டுமே, அப்படித்தான் தட்டியது.

போனின் பூட்டு எண் மகள் பிறந்த தேதி. திறந்தேன். தொண்ணூறை எடுத்துவிட்டு எண்பத்தைந்து என்று போட்டேன்.

அப்போது என் மனசில் இருந்த நினைப்பைச் சொல்லட்டுமா? பெருமை! வெவரம் தெரியாமல் விற்றுத் தொலைத்திருப்பாள், நல்லவேளை நான் இருந்தேன்... சாயங்காலம் விலை ஏறியதும் சொல்லிக் காட்டலாம் என்று வசனம்கூடத் தயார் செய்தேன்.

முக்கால் மணி நேரத்தில் எண்பத்தாறு. எண்பத்தைந்தை எடுத்துவிட்டு எண்பது போட்டேன்.

இன்னும் ஒரு ராடு.

மல்லிகா உள்ளே வந்தபோது மணி ஒன்று இருக்கும். முகமெல்லாம் வெயில், சிரிப்பு. "வண்டி சும்மா ஜம்முனு இருக்குதுங்க. டயர் நாலும் புதுசு. ஓட்டிக்கூடப் பாத்துட்டேன்!" என்றவள் என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"ஏனுங்க... மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

சொன்னேன். போன் எண்பத்து மூன்று காட்டியது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அலமாரிக் கதவைத் திறந்து சாக்பீஸ் கோட்டைப் பார்த்தாள். தொண்ணூறாயிரம் என்று அப்படியே இருந்தது, அதை நான் தொடவில்லை.

"அந்தப் பனமரத்துப்பட்டியம்மா உங்ககிட்ட என்னமோ சொன்னாங்கன்னு சொன்னீங்களே... என்ன சொன்னாங்க?"



அவள் போனைக் கையில் எடுத்தாள். விற்கப் போகிறாள் என்று தெரிந்ததும் நான் பதறினேன். "மல்லிகா, இப்ப வித்தா பதினேழாயிரம் போயிரும். ரெண்டே நாள் பொறுத்துப் பாக்கலாம். திரும்ப ஏறிரும்..."

"தொண்ணூறுக்கு நான் சம்மதிச்சேனுங்க. எண்பத்தி மூணுக்கு யாரு சம்மதிச்சா?"

விற்றுவிட்டாள். போனை அலமாரியில் வைத்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து எனக்குச் சோறு போட்டாள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நான்கு நாளில் அந்தக் காயின் ஏறியது. அவள் விற்காமல் இருந்திருந்தால் தொண்ணூற்றைந்துக்கு வந்திருக்கும். எனக்கு நாக்கு அரித்தது. அடக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன் – "பாத்தியா?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏறுனா மட்டும் நீங்க பண்ணுனது சரியாயிருமா? எறங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? எண்பத எடுத்துப்போட்டு எழுபத்தஞ்சு போட்டிருப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?"

தெரியும். அதுதான் பிரச்சினை.

நான் பத்தொன்பது வருடமும் தோட்டத்துக்காரர்களுக்குத்தான் அந்த ஆசை என்று நினைத்திருந்தேன். நான் வசனம் மட்டும் பேசுபவன், ஏமாறுபவர்கள் அவர்கள் என்று. என் வீட்டுக் காசே துளைக்குள் இறங்கும்போதுதான் தெரிந்தது, அந்த வியாதி எனக்கும் இருக்கிறது. முதல் நாள் தெளிவாக யோசித்து எழுதிய எண்ணை, இருபதாம் நாள் பயத்தில் அழிக்கிறோம். அழிக்கிற கைக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

மல்லிகா தண்டனையும் கொடுத்தாள். தொண்ணூறுக்கும் எண்பத்து மூன்றுக்கும் நடுவில் போன ஏழாயிரம் என் தலையில். அது தீரும்வரை இந்தப் பத்திக்கு வருகிற சன்மானம் அத்தனையும் அவள் கைக்குப் போயிற்று. போன வருடம் சில வாரங்கள் நான் ரொம்ப உருகி எழுதியதாகப் பலர் பாராட்டினீர்கள். காரணம் இதுதான்.

மற்ற பத்தாயிரத்தை அவளே சம்பாதித்தாள். ஸ்கூட்டரின் பின்னால் முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டு மெஸ்ஸுகளுக்கும் டீக்கடைகளுக்கும் போட ஆரம்பித்தாள். மேட்டுத் தெருவில் அவள் முட்டை வண்டி ஓட்டிப் போனால் ஸ்பீடு பிரேக்கரே ஒதுங்கிப் படுக்கும். ஒரு முட்டை உடைந்ததில்லை. சரியாக இரண்டு மாதம். ஒரு லட்சம் திரும்பவும் முழுதானது. பள்ளிபாளையம் வண்டிதான் அதற்குள் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. நான்கு புது டயரோடு. அந்த வண்டியைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததுதான் எனக்கு வலித்தது.

"இனி அந்தக் காயின் சமாச்சாரம் வேண்டாந்தானே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆட்டத்துல தப்பு ஒன்னுமில்லைங்க. நீங்கதான் தப்பு."

மறுபடியும் சாக்பீஸ். மறுபடியும் இரண்டு கோடுகள். அதே எண்கள். போனின் பூட்டு எண் மட்டும் மாறியது. என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த முறை விலை வேறு பக்கம் நடந்தது. நூற்று ஐந்து, நூற்றுப் பத்து... ஒன்று பதினைந்து வந்த அன்று மல்லிகா கீழ்க் கோட்டை அழித்தாள். இவளுமா என்று நினைத்தேன். ஆனால் அவள் எழுதியது 1,05,000. போனிலும் அப்படியே மாற்றினாள். இனி எவ்வளவு விழுந்தாலும் கைக்காசு போகாது, ஐந்தாயிரம் லாபத்தோடு வெளியே வந்துவிடலாம். பத்தொன்பது வருடத்தில் எத்தனை சாக்பீஸ் கோடுகளை அழித்திருக்கிறேன்... ஒரு கோட்டை இந்தப் பக்கமும் நகர்த்தலாம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு அந்தப் புதன்கிழமை. பகல் பதினொன்றரை இருக்கும். விலை ஒன்று இருபத்தெட்டு.

செந்தில் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டாள், அவள் கையெல்லாம் மாவு. "அக்கா, வித்துறாதீங்க. இது நிக்காது, ரெண்டு வரைக்கும் போகும்னு எல்லாரும் சொல்றாங்க. மேல போட்டு வெச்சிருக்கற ஆர்டரை எடுத்துருங்க. கேன்சல் பண்ணுனாப் போதும். வித்துப்போட்டா பொறவு பொலம்புவீங்க!"

போனை வைத்தாள். கையைக் கழுவினாள். அலமாரியைத் திறந்தாள்.

நான் சமையலறை வாசலில் நின்று பார்க்கிறேன். அவள் கையில் ஈரத் துணி. கண் மேல் கோட்டின் மேல். ஒன்று இருபத்தொன்பது. இதுவரை இவளை நான் இப்படிப் பார்த்ததில்லை. முட்டை விலை பாதாளத்துக்குப் போன நாளிலும் அசையாத முகம் அசைந்தது.

"ரெண்டு வந்துச்சுன்னா புது வண்டியே எடுத்துரலாமுங்க..." என்றாள். என்னிடம் சொல்லவில்லை, அலமாரியிடம் சொன்னாள். ஈரத் துணி கோட்டுக்குப் பக்கத்தில் போனது.

என் நாக்கில் அந்தப் பழைய வசனம் தயாராக இருந்தது, ஐயா. பொய் சொல்ல மாட்டேன். புது வண்டி யாருக்குக் கசக்கும்? எனக்கும் ஈரம் தட்டியது.

ஆனால் பேசியது வேறு ஒருவர் குரலில். பனமரத்துப்பட்டியில், புழுதி பறக்க, என் பக்கத்தில் வந்து நின்ற குரல்.

"சொன்ன அடி வந்துருச்சு மல்லிகா. நிறுத்திப்போடு."

அவள் திரும்பிப் பார்த்தாள். என்ன பார்வை அது... கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னை அப்படி அவள் பார்த்தது இதற்கு முன் இரண்டு தடவை இருக்கலாம். துணியை மேடை மேல் வைத்துவிட்டாள்.

பத்து நிமிடம் ஆனது. போன் ஒரு சத்தம் போட்டது. ஒன்று முப்பது. விற்றாகிவிட்டது.

மல்லிகா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையா, வேறா என்று நான் ஆராயவில்லை. "அடுப்புல எண்ணெய் காயுதுங்க" என்று போய்விட்டாள்.

முதலில் சொன்னேனே ஒரு சின்னப் பெருமை, அது இதுதான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, நான் ஒரு ராடை நிறுத்தியிருக்கிறேன்.

மல்லசமுத்திரத்தில் ஒரு குட்டி யானை கிடைத்தது. டயர் நான்கும் பழசுதான். சேர்த்து வைத்த ஒரு லட்சம், வரி போக நின்ற இருபதாயிரம், எண்ணிக் கொடுத்துச் சாவி வாங்கினாள். ஷோரூம் இல்லை, போட்டோ இல்லை, ரிப்பன் இல்லை. டிரைவர் சீட்டில் அவள், பக்கத்தில் மடியில் தேங்காயோடு நான். திருச்செங்கோடு மலை தெரிகிற திருப்பத்தில் ஹாரனை இரண்டு தடவை அடித்தாள். ரோட்டில் யாருமே இல்லை. எதற்கு அடித்தாய் என்று நான் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுக் காசைக் காயினில் போட்டுவிடாதீர்கள். நான் ஆலோசனை சொல்ல வரவில்லை, அதற்கான யோக்கியதை எனக்கு இல்லை என்பதை மேலே விளக்கமாகவே எழுதியிருக்கிறேன். கோடு கிழித்தாலும் சில நாள் விலை ஒரேயடியாகக் கோட்டைத் தாண்டிக் குதித்துவிடும் என்று மல்லிகாவே சொல்கிறாள். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். எந்த இடத்தில் நிறுத்துவது என்று இறங்குவதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள். முடிவு செய்ததை வீட்டில் இன்னொருவர் காதிலும் போட்டு வையுங்கள். அந்த இன்னொருவர் பழைய ரிக் மேனேஜராக இருந்தால், பூட்டு எண்ணை மாற்றிவிடுங்கள்.

கல்யாண மண்டபத்துக்கு மறுபடி வருகிறேன். சாப்பிட்டு முடித்து வெளியே வந்தோம். கார்களுக்கு நடுவில் எங்கள் குட்டி யானை நின்றது, பின்னால் காலி முட்டை அட்டைகளோடு. செந்தில் வழியனுப்ப வந்தான்.

மல்லிகா வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "ஏனுங்க தம்பி, உங்களுது இன்னும் விக்கலையா?"

"இல்லீங்க்கா. ரெண்டு வரட்டும்."

"ரெண்டு வந்தா வித்துருவீங்களா?"

செந்தில் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து விலையைப் பார்த்தான். அந்த முகம் எனக்கு ரொம்பப் பழக்கமான முகம். எத்தனையோ தோட்டங்களில் கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவில் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்துத்தானே பத்தொன்பது வருடம் சம்பளம் வாங்கினேன்? மல்லிகா அதற்கு மேல் கேட்கவில்லை. "வாரேனுங்க தம்பி" என்று சாவியைத் திருகினாள்.

வழியில் நான் கேட்டேன், நாற்பத்தைந்தாயிரம் போனதில் மனசுக்குள் கொஞ்சம்கூட வருத்தம் இல்லையா என்று.

"இருக்குதுங்க" என்றாள், கியரை மாற்றிக்கொண்டே. "இன்னைக்கு முட்டைக்கு அஞ்சு காசு எறக்கிப்போட்டாங்க."

இதற்கு மேலும் அவளைப் பற்றிச் சொல்ல ஒரு சம்பவம் இருக்கிறது. அந்தக் குட்டி யானையை முதல் நாள் நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து... அருமையான சம்பவம், இன்னும் ஒரே ஒரு பாராதான் ஆகும். ஆனால் தோளுக்குப் பின்னால் நின்று ஒருத்தி இதை வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

"சொன்ன அடி வந்துருச்சுங்க" என்கிறாள்.